நெற்றி பார்க்க வந்தவர்கள்

மோகனப்பிரியாவின் தலைமுடி யார் பேச்சையும் கேட்காது. பல்லடத்தில் அவளைப் பெற்று வளர்த்த ஈஸ்வரி, மகளோடு சண்டை போட்டதைவிட அந்த முடியோடு சண்டை போட்டதுதான் அதிகம். உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி வழித்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை இறுக்கிக் கட்டி அனுப்புவாள். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் நெற்றியோரத்தில் நாலு சுருள் எழுந்து நின்று தெருவை வேடிக்கை பார்க்கும். ஒரம்பரை என்று வீட்டுக்கு வருகிற சொந்தமெல்லாம் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தது. குருவிக்கூடு என்றார்கள், பாத்திரம் தேய்க்கிற நார் என்றார்கள். பெயர் வைத்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியவள் இவள். கல்லூரி முடிக்கிற வரைக்கும் அந்த முடி ஏதோ தான் செய்த தப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

சரவணம்பட்டியில் வேலை கிடைத்து, சொந்தச் சம்பளத்தில் ஹாஸ்டலில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நம்பிக்கை அவளை விட்டது. விட்ட வேகத்தில் அவள் செய்த முதல் காரியம், நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடி வெட்டிக்கொண்டது. எல்லோரும் பேங்ஸ் என்கிறார்களே, அது. நேர்முடிக்காரிகளுக்கு அது ஒரு கத்திரி வேலை. சுருட்டை முடிக்காரிகளுக்கு அது ஒரு குடித்தனம்.

முதல் தடவை ஊரிலேயே, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் வெட்டினாள். அந்தப் பெண் முடியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, சீப்பால் இழுத்து நீட்டி, புருவத்துக்கு நேராக அளவு வைத்து ஒரே வெட்டாக வெட்டினாள். ஈரம் இருக்கிற வரைக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. காயக் காய ஒவ்வொரு சுருளாக மேலே ஏறி, வீடு வந்து சேர்வதற்குள் மொத்தமும் நெற்றி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. தறிக்குடோனிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா தம்பிதுரை மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனம்மணி, வெள்ளாடு கீது மேஞ்சுபோட்டுதா?"

அந்தக் கோலத்தோடு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனபோது பக்கத்து மேசை உம்மல் குல்சும் மட்டும் சிரிக்கவில்லை. தலைக்குத் துணி போடுகிற அவளுக்கும் உள்ளே இதே சுருட்டைதான்.

"ஈரத்துல அளந்தாளா?" என்று கேட்டாள். "காடாத் துணிய நனைக்காம சட்டை தெச்ச மாதிரி இருக்குதுடி. தறிக்காரர் பொண்ணுக்கு இது தெரிய வேண்டாமா?"

நனைந்தால் சுருங்குகிறது துணி, காய்ந்தால் சுருங்குகிறது சுருட்டை. இரண்டையும் சுருங்கின பிறகுதான் அளக்க வேண்டும். முடி கொஞ்சம் வளர்ந்ததும், செல்வபுரத்தில் இருக்கிற தன் வீட்டு மாடியில் உட்காரவைத்து, குல்சுமே வெட்டிவிட்டாள். உலர்ந்த முடியில், ஒவ்வொரு சுருளாக எடுத்து, அது எங்கே விழுந்து நிற்க ஆசைப்படுகிறது என்று பார்த்து, அதற்கும் ஒரு விரல் கீழே நுனியை மட்டும் கிள்ளினாள். அவளுக்கும் இது பிறவி ஞானம் இல்லை. யூடியூபைப் பார்த்துத் தன் தலையை இரண்டு முறை பாழாக்கிக் கற்றுக்கொண்டது. பிறகு கத்திரியை மோகனாவிடம் கொடுத்துத் தனக்கும் வெட்டச் சொன்னாள்.

"துணிக்குள்ள போற முடிக்கு எதுக்குடி பேங்ஸு? யாரு பாக்கறாங்க?"

"ஏன், நான் பாக்கறேன்ல?"

குல்சும் அப்படித்தான். அவள் விரல்களிலும் உதட்டோரத்திலும் ஒரு கண்ணிமையிலும் வெண்திட்டுகள் இருந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்தே இருப்பவை. வலிக்காது, ஒட்டாது, யாரையும் ஒன்றும் செய்யாது. இருந்தாலும் பஸ்சில் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிற மகராசிகள் உண்டு. அவள் எதையும் பூசி மறைத்ததில்லை. "கஷ்டமா இருக்கறவங்க அவங்க கண்ண மூடிக்கட்டும்" என்பாள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த முன்முடி அப்படி. ராத்திரி பருத்தித் தலையணையில் படுத்தால் காலையில் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதனால் வழவழப்பான உறை. காலையில் தலை முழுக்க நனைக்க நேரமிருக்காது, முன்முடிக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்த கூழில் ஒரு துளி தடவி, ஒவ்வொரு கொத்தாக விரலில் சுற்றி விட வேண்டும். விட்ட பிறகு காய்கிற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் பிரிந்து பஞ்சாகிவிடும். சீப்பு கிட்டவே வரக்கூடாது. ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட் அமுக்கிவிடாமல் இரண்டு தட்டைக் கிளிப்பில் சுருட்டி மேலே ஏற்றி, ஆபீஸ் பார்க்கிங்கில் அவிழ்த்துவிட வேண்டும். மழைக்காற்று அடித்தால் ஒரு உயரம், வெயில் அடித்தால் ஒரு உயரம். பல்லடத்து போர்வெல் உப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசினால் கயிறாகிவிடும். அதற்காக ஊருக்குப் போகும்போதெல்லாம் குல்சும் வீட்டுச் சிறுவாணித் தண்ணீரை கேனில் பிடித்துக்கொண்டு போவாள். "குடிக்கறதுக்கு இல்லாத சிறுவாணி இவ மசுருக்கு வருது பாரு" என்று ஈஸ்வரி தலையில் அடித்துக்கொள்வாள்.

இத்தனை பாடு எதற்கு என்று யாராவது கேட்டால் மோகனாவிடம் பெரிய பதில் ஒன்றும் கிடையாது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் இறுக்கிக் கட்டி வைத்திருந்த ஒன்று, முகத்துக்கு முன்னால் சுதந்திரமாகத் துள்ளுவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த முன்முடியோடுதான் தாராபுரத்து ஜாதகம் ஒன்று பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கிருபாசங்கர், சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன், பெரியம்மா ராசாத்தாள் கையில் வளர்ந்தவன். பெண் பார்க்க வந்த அன்று ராசாத்தாள் உடம்புக்கு முடியாமல் வரவில்லை. அவனும் அவன் அப்பாவும் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. மோகனாவுக்கும் பிடித்தது. பொய் சொல்லுவானேன், ரொம்பவே பிடித்தது. அவன் பேச்சில் அலட்டல் இல்லை. நம்பர் வாங்கிய மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் வீடியோ கால்தான். முன்முடியைக் கிளிப்பில் மேலே ஏற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டே பேசுவாள், பிறகு கூழ் தடவிச் சுற்றி விட்டுவிட்டு, காய்கிற வரைக்கும் பேசுவாள். அந்த முடி காய நேரமானால் அவளுக்கு முன்னெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது போதவில்லை. "இன்னைக்கு வலது பக்கத்துச் சுருளு கோவிச்சுக்கிச்சு போல" என்பான் அவன். இவனோடு காலம் தள்ளலாம் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்குப் பூ வைக்க வருவதாகப் பேச்சானது. பூ வைத்துக் குங்குமம் இட்டுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிறகு நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றுவது, முகூர்த்தம் எல்லாம் தானாக நடக்கும். அன்றைக்கு நெற்றிச்சுட்டி வைக்க வசதியாக முன்முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் குத்திக்கொள்ளலாம் என்றுதான் மோகனாவே நினைத்திருந்தாள். கேட்டுக்கொள்ளுங்கள், அவளேதான் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஊர் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகம் சரியில்லை. பையைக்கூட இறக்கவிடாமல் உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"கண்ணு, நாளைக்கு அந்த நெத்தி மசுர மேல தூக்கிக் குத்திப்போடு. ஒரு சுருளு முன்னால விழப்படாது."

"குத்தலாம்னுதாம்மா இருந்தேன். ஏன், என்னாச்சு?"

ஈஸ்வரி சேலைத் தலைப்பைத் திருகினாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறதாம். மோகனாவும் குல்சுமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று ராசாத்தாளின் செல்போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் மோகனாவின் தோளைச் சுற்றியிருக்கிற குல்சுமின் கை தெரிகிறது. அந்தக் கையையும் இந்த முன்முடியையும் ராசாத்தாள் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். எந்நேரமும் ஒட்டிக்கொண்டு திரிகிற சிநேகிதிக்கு வெண்திட்டு. இவளோ நெற்றியைக் காட்டாமல் முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாள். அப்படியானால் நெற்றியில் என்னவோ இருக்கிறது.

"ஒண்ணுமில்லீங்கன்னு நானும் போன்ல சத்தியம் பண்ணாத கொறையாச் சொல்லிப்போட்டேன். நாளைக்கு நேர்ல பாத்துக்கறோம்னு சொல்லீட்டாங்க. நீ தூக்கிக் குத்துனா அவங்க வாயும் அடைஞ்சு போயிரும்."

மோகனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து கோபம் வந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவளுக்கு நெற்றியைப் பிடித்துப் பார்க்க வருகிறார்கள்.

"அப்படின்னா குத்த மாட்டேன்" என்றாள்.

"ஏய், நீதானே குத்தறதா இருந்தே?"

"அது எனக்காக இருந்தேன். இப்ப மாட்டேன்."

ராத்திரி முழுக்க ஈஸ்வரி கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் படுத்தாள். தம்பிதுரை நடுவில் புகுந்து "விடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். பிரச்சினை எதுவானாலும் விடிந்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை.

விடிந்தது. அலங்காரம் செய்துவிடுவதற்காகக் குல்சும் முதல் பஸ்சிலேயே வந்து இறங்கினாள். கையில் வழக்கம்போல் தண்ணீர் கேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு கேனைத் திறந்து தண்ணீரைத் தெளிக்க ஆரம்பித்தாள்.

"காட்டித் தொலைச்சுட்டுப் போயேன்டி. ஒண்ணும் இல்லாத நெத்தி. எனக்காகன்னு ஏதாச்சும் கிழிச்சேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன். ஒருத்தி கல்யாணம் நின்னுபோனதுக்கு நான் காரணம்னு பேரு வாங்க நான் தயாரா இல்ல."

"உனக்காக இல்லடி."

"அப்புறம் யாருக்காக?"

"ஒண்ணும் இல்லைன்னு காட்டுனா, இருந்திருந்தா தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுது. அது எனக்கு ஆகல."

குல்சும் கூழை விரலில் எடுத்தாள். ஒவ்வொரு சுருளாக எடுத்து விரலில் சுற்றி, நெற்றியில் விட்டாள். அன்றைக்கு அவை சொன்ன பேச்சைக் கேட்டு, புருவத்துக்கு மேலே ஒழுங்காக உட்கார்ந்தன. அப்படி ஒரு அமைப்பு அதற்கு முன்னால் வாய்த்ததே இல்லை.

வெயில் ஏறின நேரத்தில் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். ராசாத்தாள் பட்டுச்சேலையும் காதில் பெரிய தோடுமாக முன்னால் வந்தாள், பின்னால் பூக்கூடையை வேறொருத்தி பிடித்துக்கொண்டு வந்தாள். கிருபாசங்கர் வெள்ளைச் சட்டையில் நல்ல களையாக இருந்தான். மோகனாவைப் பார்த்துச் சிரித்தான், அவளுக்கு நேற்றைய கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. வாங்க வாங்க என்று கைகூப்பி, ஏனுங்க தண்ணி குடிங்க என்று உபசரித்து, கூடமே ஒரு திருவிழா மாதிரி ஆனது.

மோகனாவை நடுக்கூடத்தில் விரித்த ஜமுக்காளத்தில் உட்காரவைத்தார்கள். அவள் உட்கார்ந்த மறுநிமிடம் ஈஸ்வரி எங்கிருந்தோ ஸ்டாண்டு ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து மகளின் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். "புள்ளைக்கு வேர்க்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முழு வேகத்தில் திருகிவிட்டாள். ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள் தூங்காமல் போட்ட திட்டம் அது. சுவிட்ச் போட்டது அவள், முடியைத் தூக்கப்போவது காற்று, பழி யார் மேலும் இல்லை. பெற்ற மனதின் தந்திரத்தைப் பார்த்து மோகனாவுக்கே ஒரு கணம் மலைப்பாகத்தான் இருந்தது. சுருள்கள் படபடத்தன. ராசாத்தாள் கழுத்தை நீட்டினாள். எதிரில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒட்டுக்காக நீட்டினார்கள்.

மோகனா ஒரு கையால் முன்முடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடந்துபோய் ஃபேனை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு வேர்க்கலீங்க" என்றாள்.

வைகாசி வெக்கையில் அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. யாரும் ஃபேன் போடச் சொல்லவில்லை. குல்சும் தட்டில் மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் எடுத்தார்கள். ராசாத்தாள் முறை வந்தபோது அவள் டம்ளரைப் பார்த்தாள், டம்ளர் பக்கத்திலிருந்த விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு மோரு ஒத்துக்காதுங்க" என்றாள், மரியாதை குறையாமல்.

குல்சும் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இதெல்லாம் பழகியவள்தான். ஆனால் மோகனா பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பழகவில்லை.

ராசாத்தாள் குங்குமத் தட்டோடு மோகனாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"அம்மணி, குங்குமம் வெக்கோணும். அந்த முடியச் சித்த மேல ஒதுக்கு பாக்கலாம்."

"பொட்டு வெக்கற எடம் வெளியிலதானுங்க இருக்குது. வையுங்க."

"நெத்தி நெறையக் குங்குமம் வெக்கறது எங்க ஊட்டு வழக்கம் கண்ணு."

"வகிட்டுல நெறைய வையுங்க. வேண்டாமுன்னு சொல்ல மாட்டனுங்க."

வெளியே சமையல்காரர் கரண்டியால் அண்டாவைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ராசாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சுத்தி வளைச்சுப் பேசறதுக்கு எனக்குத் தெரியாது. தாயில்லாப் புள்ளைய வளத்துனவ நானு. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். நெத்தியில ஒண்ணும் இல்லீன்னா காட்டறதுக்கு என்ன? மடியில கனமில்லீன்னா வழியில பயமெதுக்கு?"

"கனமில்லீங்க. அதுக்காக வழியில கேக்கறவங்களுக்கெல்லாம் மடிய ஒதறிக் காட்டிக்கிட்டே போக முடியுங்களா?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டாள். ராசாத்தாளின் முகம் கறுத்தது. கையை நீட்டி, தானே ஒதுக்கிப் பார்த்துவிடுவது என்று முன்முடிக்குக் கொண்டு போனாள். மோகனா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். முறுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்து, மெதுவாகக் கொண்டுபோய் அவள் மடியிலேயே வைத்தாள்.

"தொடாதீங்க. காலைல இருந்து ஒக்காந்து சுத்தி விட்டதுங்க. கலைஞ்சுபோகும்."

"மோகனா!" என்றார் தம்பிதுரை. அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கிருபாசங்கர் எழுந்தான். ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறோம் என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அவளைக் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல் அருகே கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு மூச்சு வந்தது. இவன் இருக்கிறான். இவனுக்குத் தெரியும்.

"ஏன் மோகனா இப்படி அடம் பிடிக்கறே? சும்மா தூக்கிக் காட்டிட்டா முடிஞ்சுபோச்சு. நான்தான் தினமும் பாக்கறேனே, பளிங்கு மாதிரி இருக்குது."

"அதை உள்ள போய்ச் சொல்லுங்க. நான் பாத்திருக்கேன், ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னா, என் நெத்திய யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் தயங்கினான். "எப்படிச் சொல்றது? பூ வெக்கறதுக்கு முன்னாடியே தினமும் வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருந்தோம்னு தெரிஞ்சா பெரியம்மா மனசு சங்கடப்படும். அவங்ககிட்ட நான் எதையும் மறைச்சதில்ல."

அதாவது, அவன் மறைத்தது வெளியே தெரியாமல் இருக்க, அவள் மறைக்காததைத் திறந்து காட்ட வேண்டும். மோகனா அவனையே பார்த்தாள். திட்டலாம் என்று வாயெடுத்தவள் திட்டவில்லை. அவளுக்கு உண்மையிலேயே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். இருந்திருந்தா?"

"எது?"

"என் நெத்தியில அது இருந்திருந்தா? கல்யாணத்துக்கு அப்புறம் வந்துதுன்னா? யாருக்கு வேணாலும் வரும்."

"இல்லாததப் பத்தி எதுக்குப் பேசோணும்?"

"இருந்திருந்தாங்க. சொல்லுங்க."

அவன் கெட்டவன் இல்லை. பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அவளைக் கல்யாணம் கட்டியிருப்பான். கொஞ்சம் யோசித்து, மனதில் பட்டதை அப்படியே சொன்னான்.

"இருந்திருந்தா, மொத நாளு வீடியோ கால்லயே தெரிஞ்சிருக்கும், இந்தக் கல்யாணப் பேச்சு இவ்வளவு தூரம் வந்தே இருக்காதல்ல. நாம இப்படிச் சங்கடப்பட வேண்டியே இருந்திருக்காது."

சொல்லிவிட்டு, சமாதானம் சொல்லிவிட்ட நிம்மதியோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். மோகனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை காலை! அந்தக் கண்ணாடி முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இவன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாளே. இவனும் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. ராசாத்தாளுக்கு முன்னால் நின்று கைகூப்பினாள்.

"பெரியம்மா, மன்னிச்சுக்குங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

ஈஸ்வரி "அடி பாவி" என்று வாயிலடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த கிருபாசங்கர் நடு வாசற்படியில் நின்றுவிட்டான். அவன் அப்பா தரையைப் பார்த்தார். ராசாத்தாள் பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இருக்குதுன்னுதான் நாங்க நெனச்சுக்கோணும்."

"அப்படியே நெனச்சுக்குங்க."

"நான் நெனைக்கறது மட்டும் இல்ல கண்ணு. நாலு பேரு ஏன் நின்னுபோச்சுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"இருக்குதுன்னே சொல்லுங்க. நெத்தி பூரா இருக்குதுன்னு சொல்லுங்க. தாராபுரத்துல சொல்லுங்க, பல்லடத்துல நானே சொல்லிக்கறேன். சாப்புட்டுப்போட்டுப் போய்ச் சொல்லுங்க, எல போட்டாச்சுங்க."

யாரும் சாப்பிடவில்லை. செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, போயிட்டு வாரோமுங்க என்று ஒருவரும் சொல்லாமல் கார்களில் ஏறிப் போனார்கள். கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவது என்றால் அது எத்தனை பெரிய கோபம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தம்பிதுரை சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குடோனுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்பது அவருக்கு நினைவில்லை போல.

சமையலறையில் ஈஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் மோகனாவும் உட்கார்ந்து அழுதாள். தைரியமாகப் பேசிவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது? அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. நாளைக் காலையில் போன் வராது. குல்சும் இரண்டு பேருக்கும் ஒரு இலையில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஈஸ்வரி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இலையைத் தன் பக்கம் நகர்த்தி, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி, ஊரு பூரா இனி அதையத்தானே பேசும்?" என்றாள் அழுகைக்கு நடுவில். "நெத்தியில இருக்குதுன்னு எல்லாரும் நம்பிப்போடுவாங்களே. இனி உன்னைக் கட்டறதுக்கு எவன்டி வருவான்?"

மோகனா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இருக்குதுன்னு நம்பிக்கிட்டே எவன் வாரானோ, அவன் வரட்டும்மா. அவனுக்கு நானே ஒதுக்கிக் காட்டறேன்."